ஒற்றைக்கொம்பனும் சிவப்பு அட்டையும்

19 ஜூன் 2006, திங்கள்

இன்றும் தண்ணீர்த்தொட்டி மேட்டில் செயின் நழுவிவிட்டது. மிதித்த கால் வெறும் காற்றை மிதித்தது. நானும் புத்தகப் பையும் சாலையோரத்துப் பார்த்தீனியச் செடிகளுக்குள் போய் உட்கார்ந்தோம். எழுந்து பார்த்தால் என் வகுப்புத் தோழி ரேவதி பஸ் ஜன்னலில் இருந்து கையசைத்துக்கொண்டு போகிறாள். கெலமங்கலம் பஸ் சரியாக அந்த நேரத்தில்தான் மேட்டைக் கடக்க வேண்டுமா?

என் சைக்கிளுக்கு ஒற்றைக்கொம்பன் என்று பெயர் வைத்தவளும் அவள்தான். மலைச் சைக்கிள். முன்னால் ஸ்பிரிங், பல் பல்லாகத் தடித்த டயர், பதினெட்டு கியர். அப்பாவுடன் வேலை பார்த்தவர் புனேவுக்கு மாற்றலாகிப் போனபோது, தன் மகன் ஓட்டியதை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மேடு ஏறும்போது பிடித்துக்கொள்ள, ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் கொம்பு மாதிரி இரண்டு கம்பிகள் இருந்தன. வலது பக்கத்தை மத்திகிரியில் ஒரு எருமையிடம் இழந்தேன். எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ரேவதி வீட்டு நிலத்துக்கு வரும் யானைகளில் ஒன்றுக்கும் ஒரு கொம்புதானாம். "அது எங்க ராகியத் தின்னுது, இது உன் முட்டியத் தின்னுது," என்றாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

வகுப்பில் ஒரு செய்தி. பதினொன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டதால் எங்கள் எல்லோருக்கும் அரசாங்க சைக்கிள் வருமாம். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து ஒற்றைக்கொம்பனை நிறுத்தும்போது அவன் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. சைக்கிளுக்கு முகம் எது என்று யாராவது கேட்டால், விளக்கு இருந்த இடம்.

2 ஜூலை, ஞாயிறு

அப்பாவைத் தொழிற்சாலையில் ஃபைவ் எஸ் கேப்டன் ஆக்கிவிட்டார்கள். ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்த ஒழுங்குமுறையாம். எதுவும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும், வேண்டாதது எங்கேயும் இருக்கக் கூடாது. எந்தப் பொருளாவது சும்மா கிடந்தால் அதில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிடுவார்கள். அட்டையில் மூன்று கேள்விகள்: பொருள் என்ன? கடைசியாகப் பயன்பட்டது எப்போது? தேவையா? அடுத்த சுத்தம் செய்யும் நாளுக்குள் யாரும் காரணம் சொல்லிக் கேட்டு வராவிட்டால் அது பழைய இரும்புக்குப் போய்விடும்.

"கட்டுனது யாரு, எவருன்னு கேக்கப்பிடாது," என்றார் அப்பா. "ஆளு பேசக் கூடாது. அட்டைதான் பேசணும்."

இன்று ஒரு கட்டு அட்டையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். முதல் அட்டை அம்மாவின் மூன்றாவது இட்லிப் பானைக்கு. அம்மா பேனாவைக் கேட்டு வாங்கினாள். 'தேவையா?' என்ற இடத்தில், 'உங்க அக்கா குடும்பத்தோட வரும்போது' என்று எழுதிப் பானையைப் பரண்மேலேயே வைத்துவிட்டாள். அப்பா பேசவில்லை. அட்டை பேசிவிட்டதே.

பிறகு மாடிப்படிக்குக் கீழே வந்தார். அங்கே இரண்டு வண்டிக்குத்தான் இடம். வீட்டுக்காரர் வீரலட்சுமி அம்மா இரண்டுக்கு மேல் ஒரு ஸ்டூல்கூட வைக்க விடமாட்டார். கன்னடத்தில் திட்டுவார், எனக்குப் புரியும் என்பது தெரிந்ததால் கொஞ்சம் தெலுங்கையும் கலந்து திட்டுவார். இரண்டு இடத்தில் ஒன்று ஒற்றைக்கொம்பனுக்கு. இன்னொன்று அப்பாவின் பழைய மொபெட்டுக்கு. அது ஓடி நான் கடைசியாகப் பார்த்தது நாலாம் வகுப்பில்.

அப்பா தீர்ப்பு சொன்னார். அரசாங்க சைக்கிள் வந்ததும் பழைய சைக்கிளுக்கு அட்டை.

"மொபெட்டுக்கு?" என்றேன்.

"அது வேற."

4 ஜூலை, செவ்வாய்

'அது வேற' என்றால் என்ன? ஒரு பொருள் எப்போது 'வேற' ஆகிறது? நூலகத்துப் பேரகராதியில் தேடினேன். உதவவில்லை.

9 ஜூலை, ஞாயிறு

காரணம் சொன்னால் அட்டை கட்ட முடியாது என்பதுதானே விதி? சரிசெய்துவிட்டால் அதைவிட நல்ல காரணம் ஏது? பாகலூர் ரோட்டில் இருக்கும் மாதப்பன் சைக்கிள் கடைக்கு ஒற்றைக்கொம்பனைத் தள்ளிக்கொண்டு போனேன்.

மாதப்பன் அவனைத் தலைகீழாக நிறுத்தினார். பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே கியரை ஒவ்வொன்றாகத் தட்டினார். கர்ர், கர்ர், டக்.

"இன்னா பாப்பா, இது வண்டியா ரேடியோவா? ஒரு ஸ்டேஷனும் எடுக்க மாட்டேங்குது."

பின்சக்கரத்துப் பல்தட்டுகளில் பெரியதைத் தவிர மற்ற எல்லாம் தேய்ந்துவிட்டனவாம். பெரியதில் போட்டால் மேடு ஏறலாம், ஆனால் சமதரையில் எறும்புகூட முந்திக்கொண்டு போகும். புதுப் பல்தட்டு பெங்களூரில்தான் கிடைக்குமாம். அவர் வாரம் தவறாமல் பெங்களூர் போகிறவராம். கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்டேன். மச்சான் கல்யாணத்துக்கு என்றார். மச்சானின் பிள்ளை எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறான்.

அவர் யோசனையே வேறு. சைக்கிளை அவரிடமே கொடுத்துவிட வேண்டுமாம். முன் ஸ்பிரிங்கைக் கழற்றிக் கரும்பு ஜூஸ் வண்டிக்குப் போட்டால் டம்ளர் ஆடாதாம். ஒற்றைக்கொம்பனின் கால் ஜூஸ் வண்டியிலா? திரும்பத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

வழியில் ஒரு சந்தேகம். பல்தட்டு, செயின், டயர், சீட் எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் மீதி இருப்பது ஒரு கொம்பும் கொஞ்சம் துருவும்தான். அப்போது பழைய சைக்கிளைச் சரிசெய்தேன் என்று சொல்வதா, கொம்பை மட்டும் வைத்துக்கொண்டு புதுச் சைக்கிள் வாங்கினேன் என்று சொல்வதா? ரேவதியிடம் கேட்டேன். "நீ சும்மா இருக்கும்போது கணக்குப் போடு. இந்த மாதிரி யோசிக்காத," என்றாள்.

16 ஜூலை, ஞாயிறு

அப்பாவின் பயிற்சிக் கையேட்டை முழுக்கப் படித்துவிட்டேன். மிக நல்ல புத்தகம். அதில் 'ஐந்து ஏன்' என்று ஒரு முறை. எந்தக் கோளாறாக இருந்தாலும் ஐந்து முறை 'ஏன்' கேட்டால் உண்மையான வேர் கிடைத்துவிடுமாம். மதியம் அப்பா சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மொபெட் ஏன் ஓடலப்பா?"

"கார்புரேட்டர் போயிட்டு."

"ஏன் மாத்தல?"

"சாமான் கெடைக்கல."

"ஏன் கெடைக்கல?"

"அந்த மாடலையே நிறுத்திட்டாம்லா."

"அப்புறமும் ஏன் வச்சிருக்கீங்க?"

"நல்ல வண்டிட்டி அது."

இதற்குள் அடுப்படியில் இருந்து அம்மாவின் குரல். அந்த நல்ல வண்டியில்தான் கல்யாணமான புதிதில் அம்மாவை அத்திப்பள்ளிக்குக் கூட்டிப்போனாராம். பெட்ரோல் போட இறங்கியவளை ஏற்ற மறந்து, பின்னால் இருப்பதாக நினைத்து, மாநில எல்லை தாண்டும் வரைக்கும் பேசிக்கொண்டே போனாராம். "பதில் வரலயேன்னுகூடத் தோணல பாரு அவுகளுக்கு," என்றாள்.

நான் ஐந்தாவதைக் கேட்டேன். "ஏன்ப்பா அது நல்ல வண்டி?"

அப்பா கூரையைப் பார்த்தார். "நான் இங்க வந்தப்போ ஒருத்தரையும் தெரியாது. ஞாயித்துக்கெழமை ஆச்சுன்னா அதுல ஏறி ஏதாவது ஒரு ரோட்டப் பிடிச்சுப் போவேன். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, எங்கயாவது. பெட்ரோல் பாதி தீந்தா திரும்பிருவேன். அப்படித்தான் இந்த ஊரு எனக்கு ஊராச்சு."

சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். கையேட்டில் இப்படிப்பட்ட பதில் வந்தால் என்ன செய்வதென்று போடவில்லை. மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. அதனால் ஒரு சிவப்பு அட்டையை எடுத்து அப்பாவின் சட்டைப் பித்தானில் கட்டினேன். பொருள்: அப்பா. மீதி இரண்டு கேள்வியையும் அம்மா நிரப்பினாள். கடைசியாகப் பயன்பட்டது: பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது. தேவையா? அங்கே பேனா கொஞ்சம் நின்றது. 'யோசித்துச் சொல்கிறேன்' என்று எழுதினாள்.

சாயங்காலம் அப்பா அதோடேயே பால் வாங்கப் போய்வந்தார்.

18 ஆகஸ்ட், வெள்ளி

சைக்கிள் வந்துவிட்டது. மைதானம் முழுக்க ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே கூடை. விருந்தினர் பேசி முடிப்பதற்குள் காற்றில் ஒன்று சாய்ந்தது. அது அடுத்ததைத் தள்ள, வரிசை முழுவதும் மெதுவாகப் படுத்துக்கொண்டது. விருந்தினர் பேச்சை நிறுத்தவில்லை. அவரைப் பாராட்ட வேண்டும்.

பிறகு எது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. ரேவதி முன்யோசனையாகத் தன்னுடையதில் ஒரு சாமந்திப் பூவைச் செருகியிருந்தாள். அதைப் பார்த்து மூன்று பேர் சாமந்தி வாங்கி வந்துவிட்டார்கள். எல்லோரும் எடுத்தபின் மீந்தது என்னுடையது.

வீட்டில் அதற்கு இடமில்லை. இப்போதைக்கு மாடி வராந்தாவில் பூட்டி வைத்திருக்கிறோம். வீரலட்சுமி அம்மா இன்று மூன்று மொழியிலும் திட்டினார்.

20 ஆகஸ்ட், ஞாயிறு

அப்பா சொன்ன சொல் தவறவில்லை. காலையிலேயே ஒற்றைக்கொம்பனின் கொம்பில் அட்டை. பொருள்: பழைய சைக்கிள். தேவையா: காரணம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு பிள்ளையார் சதுர்த்தி. அதற்கு முந்தின நாள் வீடு சுத்தம் செய்து பழையதெல்லாம் போடுவது வழக்கம். அதுவரைக்கும் எனக்கு நேரம்.

23 ஆகஸ்ட், புதன்

நேர்மையாக எழுத வேண்டும். புதுச் சைக்கிள் நல்ல சைக்கிள். மூன்று நாளாக அதில்தான் பள்ளிக்குப் போகிறேன். மேட்டில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். செயின் நழுவவில்லை. முட்டி ஆறிவிட்டது. கூடையில் பை அழகாக உட்கார்ந்துகொள்கிறது. சத்தமே போடாது. அழைத்த இடத்துக்கு வரும், நிறுத்திய இடத்தில் நிற்கும். வீட்டுப்பாடம் முடித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி.

நானும் அப்படிப்பட்ட பிள்ளைதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு வண்டியில் அப்படி இரண்டு பேர் போனால் அலுக்காதா?

இது காரணமா? அப்பாவிடம் சொன்னால் 'தரவு எங்கட்டி' என்பார்.

25 ஆகஸ்ட், வெள்ளி

காரணம் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தேன்.

ஒற்றைக்கொம்பனின் அட்டையை அவிழ்த்துப் பென்சில் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். புதிதாக ஒரு அட்டை எழுதினேன். பொருள்: அது வேற. கடைசியாகப் பயன்பட்டது: நான் நாலாம் வகுப்பில். தேவையா: இல்லை. அதை மொபெட்டின் ஹேண்டில்பாரில் கட்டினேன். அப்பாவுக்கு இந்த வாரம் காலை ஷிஃப்ட். படியிறங்கும்போது கண்ணில் படும். முதலில் முறைப்பார், பிறகு சிரிப்பார், சிரித்தால் பேசலாம்.

நல்ல திட்டம் என்று தோன்றுகிறது.

26 ஆகஸ்ட், சனி

நல்ல திட்டம் இல்லை.

அப்பா தாமதமாக எழுந்து, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க அரை இருட்டில் ஓடியிருக்கிறார். எந்த அட்டையையும் பார்க்கவில்லை. நான் இரண்டு தெரு தள்ளி நூலகத்தில் இருந்தேன். மதியம் நடந்து வந்தால் மாடிப்படிக்குக் கீழே ஒற்றைக்கொம்பன் மட்டும் நிற்கிறான். பக்கத்தில் எண்ணெய்க் கறை. அதற்கு மேலே ஒன்றுமே இல்லை.

அம்மா ஒரு புது பிளாஸ்டிக் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு புதுக் குடம். பழைய இரும்பு வாங்கும் கோவிந்தன் வந்தாராம். சிவப்பு அட்டை இருந்த எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாளாம்.

"மொபெட்டையுமாம்மா?"

"அட்டைதான் பேசணும்னு அப்பாதான சொன்னாக? மனுசன் ஒருவழியா மனசு மாறிட்டாகன்னு பிள்ளையாருக்கு நூத்தியெட்டுக் கொழுக்கட்டை நேந்துகிட்டேன்."

அந்த அட்டை நான் கட்டியது என்று சொன்னேன். அம்மா வாளியைக் கீழே வைத்தாள். "அப்போ கொழுக்கட்டை?" என்றாள். பிறகுதான் முகம் மாறியது. "ஏட்டி, அப்பா வார நேரமாச்சே."

எதில் போவது என்று நான் யோசிக்கவே இல்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மை என்னவென்றால் புதுச் சைக்கிள் மாடியில் பூட்டியிருந்தது, சாவி எங்கே என்று தெரியவில்லை. வாளியை ஒற்றைக்கொம்பனின் கொம்பில் மாட்டினேன். இரண்டு குடத்தையும் துப்பட்டாவில் கட்டி முதுகில் போட்டுக்கொண்டேன். மூன்று சக்கர வண்டியில் சுமையோடு போகிறவர் தண்ணீர்த்தொட்டி மேட்டுப் பக்கம்தான் போயிருப்பார். அதற்கு அந்தப் பக்கம்தான் இரும்புக் கிடங்கு.

மேட்டின் அடியிலேயே கியரைப் பெரிய பல்தட்டில் போட்டேன். அதன்பிறகு கையை எடுத்துவிட்டேன். கால் கிரைண்டர் மாதிரிச் சுற்றியது, சைக்கிள் ஆமை மாதிரி நகர்ந்தது. குடம் இரண்டும் முதுகில் டமடமவென்று மோதின. "பாப்பா, எறங்கி நடந்தீன்னா சீக்கிரமா போயிடலாம்," என்று நடந்து போன ஒருவர் சொல்லி, என்னை முந்தியும் போனார். போகட்டும். ஆனால் செயின் நழுவவில்லை. கால் தரையில் படவில்லை. இத்தனை நாளாக நான்தான் மேட்டு நடுவில் கியரைத் தட்டித் தட்டி அவனைக் குழப்பியிருக்கிறேன்.

உச்சியில் டீக்கடை வாசலில் வண்டி நின்றது. மேலே மொபெட், அட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கோவிந்தன் டீ குடித்துக்கொண்டிருந்தார். வாளியையும் குடங்களையும் இறக்கி வைத்து, மொபெட்டைத் திருப்பிக் கேட்டேன்.

"வாங்குனது வாங்குனதுதான் பாப்பா. இந்த மேட்ல தள்ளிட்டு வந்தது நானா நீயா?" என்றார். அவர் கண் ஒற்றைக்கொம்பன் மேல் போனது. முன் ஸ்பிரிங்கை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "வேணும்னா ஒண்ணு பண்ணு. இத உட்டுட்டு அத எடுத்துக்கோ."

இரண்டு மாதமாகப் பழையதா புதியதா, சரிசெய்வதா மாற்றுவதா என்று எழுதி எழுதிப் பார்த்தேனே. அப்போதெல்லாம் தெரியாதது அங்கே நின்றபோது தெரிந்துவிட்டது. எனக்கு இவன்தான் வேண்டும். காரணம் கிடையாது, தரவு கிடையாது, இவன் வேற. தெரிந்த உடனேயே கொடுத்தாகவும் வேண்டியிருந்தது. ஏன்னா அட்டை கட்டினது நான்தானே. வேற யாரு?

சரி என்றேன். பெல்லை மட்டும் கழற்றிக்கொள்கிறேன் என்று குனிந்தேன். திருகு தெரியவில்லை; கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. (தூசி இல்லை. எழுதி வைக்கிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்.)

அப்போதுதான் கம்பெனி பஸ் மேடு ஏறி வந்து நின்றது.

அப்பா இறங்கினார். என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், வண்டிமேல் மொபெட்டைப் பார்த்தார். பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். அப்பாவோடு வேலை பார்க்கும் முத்துக்குமார் மாமா தலையை நீட்டி, "என்ன கேப்டன், ரோட்லயே ஆடிட் பண்றீங்களா?" என்றார்.

அப்பா அட்டையைப் பிடித்து நிறுத்தி, தொழிற்சாலைப் பழக்கத்தில் சத்தமாகவே படித்துவிட்டார். "பொருள்: அது வேற."

பஸ் முழுக்கச் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. அவர் காது சிவந்திருந்தது. அதே குரலில் என்னிடம் ஆரம்பித்தார்.

"ஒன் சைக்கிள் ஏன் இங்க நிக்கி?"

"மாத்திக்கறதுக்கு."

"ஏன் மாத்தணும்?"

"மொபெட்டுக்கு அட்டை கட்டுனது நான்தான்ப்பா."

"ஏன் கட்டுன?"

"நீங்க அது வேறன்னு சொன்னீங்க. இதுவும் வேறதான். அத எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"தெரியலன்னு ஏன் சொல்லல?"

"தரவு கேப்பீங்க."

நான்கு 'ஏன்' ஆகிவிட்டது. ஐந்தாவதை அப்பா கேட்கவில்லை. கோவிந்தனிடம் திரும்பி, வாளியும் குடமும் சரியாக இருக்கிறதா பார்த்துக்கொண்டு மொபெட்டை இறக்கச் சொன்னார். இது வீட்டுத் தகராறு என்று புரிந்ததும் கோவிந்தன் இறங்கிவந்தார். குடத்துக்கு மூடி இரண்டு, ஒன்றுதானே இருக்கிறது என்றார். இன்னொன்றை அம்மா அதற்குள் மாவுச் சட்டிக்குப் போட்டுவிட்டாள் போல. பிறகு வந்து வாங்கிக்கொள்வதாக முடிவானது.

பஸ் போனது. முன்னால் அப்பா மொபெட்டைத் தள்ளிக்கொண்டு, பின்னால் நான் ஒற்றைக்கொம்பனைத் தள்ளிக்கொண்டு இறங்கினோம். பாதி வழியில் அப்பா, திரும்பாமல், "அந்த மேட்ட எறங்காமலா ஏறுன?" என்றார்.

"ஆமாப்பா."

"குடத்தோடயா?"

27 ஆகஸ்ட், ஞாயிறு. பிள்ளையார் சதுர்த்தி

நேர்ந்தது நேர்ந்ததுதான் என்று அம்மா நூற்றெட்டுக் கொழுக்கட்டையையும் பிடித்தாள். வேண்டுதல் பலிக்கவே இல்லையே என்றதற்கு, "அவரு கணக்கு அவருக்கு. வாய மூடிட்டுப் பூரணத்த வையி," என்றாள்.

பூஜை நடக்கும்போது அப்பா பிள்ளையாரின் ஒடிந்த கொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு கொழுக்கட்டையைப் பார்த்தார்.

ஒற்றைக்கொம்பனுக்கு இன்று புது அட்டை எதுவும் கட்டப்படவில்லை.

3 செப்டம்பர், ஞாயிறு

அரசாங்க சைக்கிளுக்கு ஆள் கிடைத்துவிட்டது. அம்மா.

தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் ரேவதியும் நானும் கற்றுக்கொடுத்தோம். ரேவதி முன்னால் ஓடி வழி சொல்ல, நான் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். "விட்டுராதட்டி, விட்டுராத," என்று அம்மா கத்திக்கொண்டே இருந்தாள். நான் விட்டு வெகுநேரமாகியிருந்தது. பதில் வராததை அம்மாவும் கவனிக்கவில்லை. அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்கமாட்டேன்.

10 செப்டம்பர், ஞாயிறு

ரேவதி வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்தேன். மொபெட் இல்லை. இந்த முறை நான் ஒன்றும் செய்யவில்லை.

கோவிந்தன் மூடி கேட்டு வந்தாராம். மூடியைக் கொடுத்துவிட்டு அப்பா அவரைக் கொஞ்சம் நிற்கச் சொன்னாராம். ஸ்பானரை எடுத்துவந்து எதையோ கழற்றி எடுத்துக்கொண்டு, மீதியைத் தானே ஒரு கை பிடித்து வண்டியில் ஏற்றினாராம். அட்டையும் அவரே எழுதிக் கட்டினாராம். அம்மா படித்திருக்கிறாள். தேவையா என்ற இடத்தில், 'தேவைப்பட்டது' என்று இருந்ததாம்.

அதே வாளி. அதே குடம். அம்மா திரும்ப வாங்கிவிட்டாள்.

அப்பா வராந்தாவில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு 'ஏன்'கூட.

17 செப்டம்பர், ஞாயிறு

மாதப்பன் பெங்களூர் போய்விட்டார். இதைச் சிவப்பு மையில் எழுத வேண்டும். அப்பா அவரைக் கையோடு பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனார். பல்தட்டும் செயினும் வாங்கிக்கொண்டு வரும்போது இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எந்தக் கடை நல்ல கடை என்பதில் சண்டையாம்.

பதினெட்டு வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். முன்பக்கத்தில் ஒன்று, பின்பக்கத்தில் ஆறு. ஆறு ஸ்டேஷனும் எடுக்கிறது. சரிசெய்ததா, மாற்றியதா என்ற சந்தேகத்தை மாதப்பனிடமும் கேட்டேன். முன் ஸ்பிரிங் இன்னும் வேண்டுமா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

1 அக்டோபர், ஞாயிறு. ஆயுத பூஜை

மாடிப்படிக்குக் கீழே இரண்டு வண்டி. ஒன்று அம்மாவுடையது, கூடையில் கறிவேப்பிலைக் காம்பு ஒட்டியிருக்கிறது. இன்னொன்றை இனி எப்படி அழைப்பதென்று தெரியவில்லை. காலையில் எழுந்து வந்து பார்த்தால் அவனுக்கு இரண்டு கொம்பு.

வலது கொம்பு குட்டையாக, கறுப்பாக, வெடித்த ரப்பரோடு இருக்கிறது. மொபெட்டின் ஆக்சிலரேட்டர் பிடி. அப்பா அதை அறுத்து, கிளாம்ப் போட்டு மாட்டியிருக்கிறார். பிடித்தால் லேசாகச் சுற்றுகிறது. ஓர் ஆணி அடித்தால் நின்றுவிடும் என்று மாதப்பன் சொன்னாராம், அப்பா விடவில்லையாம். ரேவதிக்குப் பொரி கொடுக்கப் போகும்போது பேரைப் பற்றிக் கேட்க வேண்டும். பேர் வைத்தவள் அவள்.

அம்மா இரண்டு வண்டிக்கும் சந்தனம் வைத்தாள். வீரலட்சுமி அம்மா வந்து பார்த்துவிட்டு, எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு மொழியிலும் திட்டாமல் போனார். நான் எலுமிச்சம்பழம் எடுக்க மேலே போய்ப் பாதிப் படியில் நின்றுவிட்டேன்.

கீழே அப்பா தனியாக இருந்தார். என் சைக்கிளின் வலது கொம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். தெருவை ஒருமுறை பார்த்தார். யாரும் இல்லை. மணிக்கட்டைத் திருகி, வாயால் மெதுவாக, "டுர்ர்ர்," என்றார்.

நான் இருமிக்கொண்டே படியிறங்கினேன். அவருக்குக் கையை எடுக்க நேரம் வேண்டுமே.